எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்: தெரு மனிதருக்கே என்ற பேட்ரிக் கெடிஸ்

ஜார்ஜ்டவுன்: 1914 அக்டோபர் 28, பொழுது புலராத நேரம். நான்கு புகைபோக்கிகளுடன் ஒரு போர்க்கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் மெல்ல நுழைந்தது. நம் தரப்புக் கப்பல்தான் என்று கரையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் நான்காவது புகைபோக்கி போலி. வந்தது ஜெர்மனியின் எம்டன். சில நிமிடங்களில் ரஷ்யாவின் செம்சுக் போர்க்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. வெளியேறும் வழியில் பிரான்சின் முஸ்கே என்ற கப்பலையும் எம்டன் மூழ்கடித்துவிட்டுச் சென்றது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னம் ஜாலான் உத்தாமா கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 22ஆம் தேதி இரவில், இதே கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியது. துணிச்சலும் தந்திரமும் மிக்க ஆளை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் அப்படித்தான் வந்தது.

இந்த இரண்டு சம்பவங்களும் நம்மில் பலருக்குத் தெரிந்தவை. இவற்றுக்கு இடையில், அதே அக்டோபர் மாதத்தில், இந்தியப் பெருங்கடலில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் பெட்டி பெட்டியாக நகர வரைபடங்களும் ஓவியங்களும் புகைப்படங்களும் இருந்தன. உலக நகரங்கள் எப்படி வளர்ந்தன, எங்கே கெட்டன, எப்படித் திருத்தலாம் என்று காட்டுவதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த கண்காட்சி அது. சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் சொந்தக்காரர் பேட்ரிக் கெடிஸ், 60 வயது ஸ்காட்லாந்துப் பேராசிரியர். தெரு என்பது முதலில் அங்கே வாழ்பவர்களுக்கு, அடுத்துதான் அதைக் கடந்து போகும் வண்டிகளுக்கு என்பதைத் தன் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தவர். ஜார்ஜ்டவுனில் நடைபாதை, கார் நிறுத்துமிடம், வாகனமில்லாத் தெரு என்று பேச்சு எழும்போதெல்லாம் நினைவுக்கு வர வேண்டிய மனிதர்.

பட்டம் பெறாத பேராசிரியர்

கெடிஸ் 1854 அக்டோபர் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகருக்கு அருகே ஒரு குன்றுச் சரிவில் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம், கீழே நகரம், அதற்கு அப்பால் ஆறு. ஓர் ஊரை அதன் மலையோடும் ஆற்றோடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் சிறுவனுக்கு அங்கேயே படிந்துவிட்டது.

பள்ளி முடித்ததும் சில காலம் வங்கியில் வேலை செய்தார். பிடிக்கவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து, ஒரே வாரத்தில் வெளியேறினார். பிறகு இலண்டன் சென்று, டார்வினின் கொள்கையை மக்களிடம் கொண்டுசென்ற தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். கடைசிவரை தேர்வு எழுதிப் பட்டம் வாங்கவில்லை. ஆயினும் 1888இல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

ஓர் உயிரியல் அறிஞர் நகரத் தெருக்களின் பக்கம் திரும்பியதற்கு ஒரு விபரீதமும் காரணம். 1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது அவருடைய பார்வை மங்கியது. இருட்டறையில் வாரக்கணக்கில் கண்களை மூடியே இருக்க வேண்டிய நிலை. நுண்ணோக்கியில் கண் பதித்து வேலை செய்ய வேண்டிய இளைஞனுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. அந்த இருட்டில் காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து, விரலால் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தைக் கொடுத்துச் சிந்திக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கி ஆராய்ச்சியைப் பழையபடி தொடர முடியவில்லை. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றும் ஒன்றையொன்று எப்படி உருவாக்குகின்றன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. செடியை மண்ணோடும் தண்ணீரோடும் சேர்த்துப் பார்ப்பதுபோல, மனிதனை அவன் தெருவோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்.

நெரிசலுக்குள் குடியேறிய தம்பதி

1886இல் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். புதுமணத் தம்பதி அடுத்து செய்த காரியம் உறவினர்களைத் திகைக்க வைத்திருக்கும். எடின்பரோவின் வசதியான பகுதியை விட்டு, பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்புக்குக் குடிபோனார்கள். உயரமான பழங்கட்டடங்கள், இருட்டுச் சந்துகள், அழுக்கு முற்றங்கள், ஒரே அறையில் ஒரு குடும்பம் என்றிருந்த இடம் அது.

அறிக்கை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். முற்றத்தைப் பெருக்கினார்கள். ஜன்னலோரம் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்ததை மட்டும் அகற்றி, அந்த இடத்தில் வெளிச்சமும் காற்றும் வர விட்டார்கள். மற்ற வீடுகளைப் பழுதுபார்த்தார்கள். மாணவர் விடுதிகள் அங்கே வந்தன. கல்வியாளர்கள் வந்து குடியேறினார்கள். கைவிடப்பட்ட பகுதிக்கு மெல்ல உயிர் திரும்பியது.

இந்த வேலைகளுக்குக் கெடிஸ் வாங்கிய கடன் கொஞ்சமல்ல. கணக்கு வழக்கைக் கட்டிக் காப்பாற்றியவர் அன்னாதான்.

1892இல் எடின்பரோக் கோட்டைக்கு அருகே இருந்த ஓர் உயரமான கட்டடத்தைத் தன் ஆய்வுக்கூடமாக்கி, நோக்குக் கோபுரம் என்ற பொருளில் பெயரிட்டார். உச்சியில் இருந்த கருவி, வெளியே நடமாடும் நகரத்தை இருட்டறையின் வெண்மேசையில் படமாக விழச் செய்யும். வருகிறவர்களைக் கெடிஸ் வேகவேகமாக உச்சிக்கு ஏற்றிச் செல்வார். அங்கே தங்கள் ஊரை முழுதாகப் பார்த்த பிறகு, ஒவ்வொரு மாடியாக இறங்கும்போது நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் என்று பார்வை விரிந்துகொண்டே போகும். கொடிமலை உச்சியில் நின்று ஜார்ஜ்டவுனைப் பார்த்தவர்களுக்கு அந்த அனுபவம் புரியும். தினமும் நடக்கும் தெரு, மலைக்கும் கடலுக்கும் இடையில் எங்கே கிடக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

சென்னைக்கு வந்த அழைப்பு

அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பெண்ட்லண்ட் பிரபு, ஸ்காட்லாந்து விவகார அமைச்சராக இருந்தவர். அவருடைய அழைப்பின்பேரில்தான் கெடிஸ் தன் நகரக் கண்காட்சியுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவரும் மூத்த மகன் அலாஸ்டேரும் வேறு கப்பலில் வந்து சேர்ந்தார்கள். கண்காட்சி வந்து சேரவில்லை.

உழைப்பு முழுவதும் கடலுக்கு அடியில் போய்விட்டது என்று கேள்விப்பட்டவர் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாகப் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. பொதுமக்கள் பார்த்தார்கள், நகராட்சி அதிகாரிகள் பார்த்தார்கள். அதன் பிறகு அதிகாரிகள் தங்கள் ஊரையும் வந்து பார்க்கச் சொன்னார்கள். அவ்வாறு தொடங்கிய பயணத்தில் பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 50 இந்திய நகரங்களைப் பற்றி அவர் அறிக்கை எழுதினார்.

தஞ்சாவூரில் நடந்த கால்கள்

அந்தக் காலத்துப் பொறியாளர்களிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் இருந்தது. பழைய குடியிருப்பின் நடுவே நேர்கோட்டில் ஓர் அகலச் சாலையை வெட்டு. குறுக்கே வரும் வீடுகளை இடி. காற்று வரும், நோய் போகும், வண்டியும் போகும்.

கெடிஸ் கேட்ட கேள்வி எளிமையானது. இடிக்கப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? வேறு எங்கும் போக வசதியில்லாமல் பக்கத்துச் சந்தில், ஏற்கெனவே நெருக்கடியாக இருக்கும் வீட்டில் போய் ஒண்டுவார்கள். ஆக, நெரிசலைக் குறைக்க வெட்டிய சாலை நெரிசலைக் கூட்டிவிடும். செலவும் நகராட்சியின் தலையில் விழும்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு இப்படியொரு திட்டம் தயாராக இருந்தது. சந்துகளும் வீடுகளும் நிறைந்த பகுதியில் கட்டம் போட்டதுபோல் நேர்ச் சாலைகள். கெடிஸ் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு பாழடைந்து கிடக்கிறது, எங்கே காலி மனை, எங்கே கிணறு, எந்த மரத்தடியில் ஆட்கள் கூடுகிறார்கள் என்று குறித்தார். பிறகு அவர் சொன்ன மாற்றுத் திட்டம் இதுதான்: ஏற்கெனவே இடிந்த வீடுகளையும் காலி மனைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சிறு முற்றங்களாக ஆக்குவது, அங்கே மரம் நடுவது, இருக்கும் சந்துகளையே சற்றுத் திருத்தி நடக்க வசதி செய்வது. குடியிருப்போரில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். செலவும் பழைய திட்டத்தைவிட மிகக் குறைவு.

உயிரைக் காப்பதற்காக, கெட்ட இடத்தை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடும் அறுவை மருத்துவரின் முறை அது. கெடிஸும் அதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டே பெயரிட்டார். மருத்துவர் நாடி பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை. நகரமைப்பாளர் நடக்காமல் பென்சிலை எடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

குறுகிய தெருவை அவர் குறையாகப் பார்க்கவில்லை. வெயில் கொளுத்தும் நாட்டில் நிழல் தரும் குறுகிய சந்து, மக்கள் பல தலைமுறை அனுபவத்தில் கண்ட வழி. குடியிருப்புக்குள் தேவையில்லாமல் போடும் அகலச் சாலை வெயிலையும் புழுதியையும்தான் தரும். தூரம் போகும் வண்டிகளுக்குச் சில பெருஞ்சாலைகள் போதும். மற்ற தெருக்கள் வீட்டுக்காரர்களுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் உரியவை. நோய்க்குப் பயந்து நகரத்துக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். குளத்தில் மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், அவை கொசுப் புழுவைத் தின்னட்டும் என்பது அந்த உயிரியல் அறிஞரின் யோசனை.

தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. கோயிலைச் சுற்றி வீதிகள், வீதிக்கு ஒரு திருவிழா, தேர் திரும்புவதற்கு ஏற்ற அகலம் என்றிருந்த அமைப்பில் நகரமைப்பு அறிவைக் கண்டார். 1919இல் அதுபற்றி ஒரு கட்டுரையே எழுதினார். மதுரையின் மாசி வீதியையும் ஆவணி மூல வீதியையும் திருவிழா மாதங்களின் பெயரால் அழைக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் இந்திய நகரங்கள் என்றாலே அழுக்கும் குழப்பமும் என்று ஆட்சியாளர்கள் நினைத்த காலத்தில், இங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதியது பெரிய விஷயம்.

இந்தூரின் ஒரு நாள் மகாராஜா

கெடிஸின் வாழ்க்கையில் மறக்க முடியாத காட்சி மத்திய இந்தியாவின் இந்தூரில் நடந்தது. அங்கே பிளேக் நோயும் மலேரியாவும் வாட்டிக்கொண்டிருந்தன. கெடிஸ் வரைபடத்துடன் தெருவில் இறங்கியதும் மக்கள் மிரண்டார்கள். பிளேக்கைக் கொண்டுவரும் கிழட்டுத் துரை என்று அவரைக் காட்டி முணுமுணுத்தார்கள். காரணம் இருந்தது. வெள்ளைக்காரர் காகிதத்தில் எந்த வீட்டைக் குறிக்கிறாரோ அந்த வீடு இடிபடும் என்பதே அதுவரை அவர்கள் கண்ட அனுபவம்.

கெடிஸ் இந்தூர் மகாராஜாவிடம் போய், தன்னை ஒரு நாள் மகாராஜாவாக இருக்க விடச் சொன்னார். தீபாவளிக்கு நகரத்தில் ஒரு பெரிய ஊர்வலம் நடக்கும் என்று அறிவித்தார். ஊர்வலம் எந்த வழியாகப் போகும்? எந்தத் தெருவாசிகள் தங்கள் தெருவை நன்றாகச் சுத்தம் செய்து, வீட்டைப் பழுதுபார்க்கிறார்களோ அந்தத் தெரு வழியாக.

அவ்வளவுதான். ஊரே துடைப்பத்தை எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. வீடுகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டது.

ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் வந்தன. அழுக்கு அரக்கனும், பிளேக்கைப் பரப்பும் பிரம்மாண்ட எலியும் பொம்மைகளாக வந்தன. அவற்றுக்குப் பின்னால் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள், வெள்ளை உடையும் மாலையும் புதிய துடைப்பமுமாக, மரியாதையுடன் நடந்து வந்தார்கள். ஊர் ஒதுக்கி வைத்திருந்தவர்கள் அன்று ஊர்வலத்தின் நடுவில். இறுதியில் அரக்கனும் எலியும் வாணவேடிக்கையோடு எரிக்கப்பட்டன. வீடுகளுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. 1918இல் இந்தூருக்காக அவர் வெளியிட்ட அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகள்.

அதிகாரம் போட்டு வாங்க முடியாத ஒத்துழைப்பைத் திருவிழா வாங்கிக் கொடுத்தது. தெரு தங்களுடையது என்று தோன்றினால் மக்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கண்ட பாடம்.

அடுத்தடுத்து விழுந்த அடி

இந்தூர் அறிக்கைக்கு முந்தைய ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. 1917 ஏப்ரலில் மகன் அலாஸ்டேர் பிரான்சில் போர்முனையில் இறந்தார். செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் மனைவியிடம் சொல்லவில்லை. மகன் போய்விட்டது தெரியாமலே ஜூன் மாதத்தில் அன்னாவும் கண் மூடினார். மூன்றே மாதத்துக்குள் இரண்டு மரணங்கள். அதன் பிறகு வேலைதான் அவருக்குத் துணை.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர் ஆனார். அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் வெளியிட்டார். தாகூரோடு நட்பு கொண்டார். 1921இல் கொழும்பு நகருக்கு அறிக்கை தந்தார். 1925இல் டெல் அவிவ் நகருக்கு, ஒரு இலட்சம் பேர் வாழ்வதற்கான திட்டம் வகுத்தார். அதில் வண்டிகள் போகும் பெருஞ்சாலைகள் சில. அவற்றுக்கு நடுவே அமைதியான வீட்டுத் தெருக்கள், உள்ளே பொதுத் தோட்டம். அந்தத் திட்டத்தின் மேல் எழுந்த வெண்ணகரப் பகுதி 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அவரிடம் குறைகளும் இருந்தன. மேடையில் பேசினால் சொற்கள் தாடிக்குள்ளேயே தங்கிவிடும், பாதிக் கூட்டத்துக்குக் கேட்காது என்பார்கள். தொடங்கிய நூல்களில் பல முடியவில்லை. பணக்கணக்கு வராது. அவருடைய இந்திய அறிக்கைகளில் பெரும்பகுதி அலமாரியிலேயே தூங்கியது. மக்களைக் கேட்டுச் செய்யச் சொன்னவர், மக்களுக்கு வாக்குரிமை தராத ஆட்சியின் அழைப்பில் வந்தவர் என்ற முரணும் உண்டு.

1924இல் உடல்நலம் கருதி பிரான்சின் மோன்பெல்லியேவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் தோட்டத்தோடு கல்லூரி ஒன்றைக் கட்டினார். 1932இல் சர் பட்டம் ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, 77ஆம் வயதில் காலமானார்.

நம் தெருவுக்கு அவர் என்ன சொல்வார்?

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோரில் பலர், கெடிஸ் நடந்த அதே தஞ்சை மண்ணின் மக்கள். அவர்கள் குடியேறிய லெபோ பசாரும் லெபோ குவீனும் லெபோ சூலியாவும் கார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே போட்ட தெருக்கள். கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை, வெயிலிலும் மழையிலும் நடப்பவருக்காகவே வைத்தது. அது நம் ஊர்த் திண்ணைக்கு உறவு. இன்று அதில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் நிற்க, நடப்பவர் காரோடு போட்டி போட்டுச் சாலையில் இறங்குகிறார்.

2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, பின் சந்துகள் சீராகியிருக்கின்றன, சில தெருக்களில் நடப்பவருக்கு இடம் கூடியிருக்கிறது. லெபோ பந்தாயில் வாகனங்களுக்குத் தடை விதித்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பிள்ளைகள் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இவை நல்ல காரியங்கள்.

ஆனால் கெடிஸ் தஞ்சாவூரில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். தெருவில் இருந்தவர்கள் எங்கே? 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த பல குடும்பங்கள் நகர மையத்தை விட்டுப் போயின. கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. இடித்துத் துரத்துவது ஒரு வகை, அழகுபடுத்தித் துரத்துவது இன்னொரு வகை. நடைபாதையை அகலமாக்கிவிட்டு, அதில் நடக்க வேண்டிய பூக்கடைக்காரரையும் தையற்காரரையும் மசாலைக் கடைப் பணியாளரையும் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டால், அந்தத் தெருவில் மிஞ்சுவது கேமராவோடு வருபவர்கள் மட்டும்தான்.

தைப்பூசத்தன்று தெரு மக்களுடையதாகிறது. இரதம் வரும் வழியில் கோலம் போடுகிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள், இனம் பாராமல் உபசரிக்கிறார்கள். அன்று தெருவைச் சுத்தமாக வைக்க யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. கெடிஸ் இந்தூரில் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கியது, நமக்கு ஆண்டுதோறும் தானாகவே கிடைக்கிறது. மறுநாள் கார்கள் திரும்பி வருகின்றன.

அடுத்த முறை மாநகர் மன்றம் ஒரு தெருவைத் திருத்தத் திட்டம் போடும்போது, வரைபடம் தயாராவதற்கு முன்பே அந்தத் தெருவில் குடியிருப்பவர்களோடு ஒரு நடை நடக்கட்டும். குடியிருப்பவர்களும் வீட்டுக்குள் இருந்துவிடாமல் இறங்கி உடன் நடக்கட்டும். எங்கே நிழல் வேண்டும், எங்கே பாட்டி சாலையைக் கடக்கப் பயப்படுகிறார், எந்த மூலையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.